கோடும் கூலியும்

1

காமிக்ஸ் என்று பேச்செடுத்தால் இலக்கியக்காரர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் அது சிறுவர்களுக்கான குப்பை என்று முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்த இன்னொரு சாரார் அது நவீன காலத்தின் புராணம், அமெரிக்கக் கூட்டு மனத்தின் கனவு என்றெல்லாம் வியாக்கியானம் செய்கிறார்கள். இரு சாராருமே படத்தைப் பார்ப்பதில்லை. முன்னவர்கள் அட்டையோடு நின்றுவிடுகிறார்கள். பின்னவர்கள் கதைச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பொழிப்புரையைப் படித்துவிட்டுக் கவிதையை மதிப்பிடுகிறவனை நாம் ஏளனம் செய்வோம். இங்கே மட்டும் அதுவே விமர்சனம் என்று செல்லுபடியாகிவிடுகிறது.

கதை என்று பார்த்தால் அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. இறுக்கமான உடையணிந்த பலசாலி ஒருவன் இன்னொரு பலசாலியை அடிக்கிறான். அடுத்த மாதமும் அடிக்கிறான். இதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டுவிடலாம். ஆனால் மலிவான தாளில், அசையாத கோட்டினால், ஒரு உடம்பின் கனத்தையும் வேகத்தையும் பயத்தையும் காட்டுவது எப்படி என்பது ஓவியப் பிரச்னை. அதைத் தினமும், கெடு வைத்து, பக்கக் கூலிக்கு எதிர்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ என்ற இருவர் கண்ட தீர்வுகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. அந்தத் தீர்வுகளைப் பற்றியும், அவற்றுக்கு அவர்கள் பெற்ற விலையைப் பற்றியும் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் சூழலைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் வந்தான். எழுதியவர் ஜெர்ரி சீகல். வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். ஷூஸ்டரின் கோடு தடித்தது, நுணுக்கம் இல்லாதது, கண்கள் வெறும் கீறல்கள். ஆனால் ஒரு காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதும் அந்த அட்டைப் படத்தில் பின்னால் வந்த அத்தனையும் கருவாக இருக்கிறது. இயந்திர யுகத்தின் பிரதான சின்னமான மோட்டார் காரை ஒரு மனித உடம்பு நொறுக்குகிறது. பொருளாதார மந்தத்தில் வளர்ந்த இளைஞர்களுக்கு இந்தச் சித்திரம் என்னவாகத் தெரிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

இந்தப் புத்தகங்கள் அச்சான தாள் நியூஸ்பிரிண்ட். மை ஊறும், பரவும். வண்ணங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று மைகளைப் புள்ளிகளாக இட்டுப் பெறப்பட்டன. ஒவ்வொரு மைக்கும் சூனியம், கால், அரை, முழு என்று நான்கே அளவுகள். ஆகவே மொத்தம் 64 நிறங்களே சாத்தியம். நிறத்தை நம்பி ஓவியன் எதையும் செய்துவிட முடியாது. நிழலின் மென்மையான படிநிலைகள் இந்தத் தாளில் நிற்காது. மிஞ்சுவது கறுப்புக் கோடும் கறுப்புத் திட்டும்தான். அவை எந்த அச்சு இயந்திரத்தின் அலட்சியத்தையும் தாங்கிக்கொண்டு உயிரோடு வர வேண்டும்.

வேலையும் பங்கிடப்பட்டிருந்தது. ஒருவர் கதை சொல்வார், ஒருவர் பென்சிலில் வரைவார், ஒருவர் எழுத்துக்களை எழுதுவார், இன்னொருவர் பென்சில் கோட்டின் மேல் மை ஏற்றுவார், மற்றொருவர் வண்ணம் குறிப்பார். அசல் பக்கம் அச்சாகும் அளவைப் போல ஏறத்தாழ இருமடங்கு பெரியது; 1960களின் இறுதியில் செலவைக் குறைக்க அதையும் 10க்கு 15 அங்குலமாகச் சுருக்கினார்கள். சம்பளம் பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. பக்கம் நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் கூலி ஒன்றே.

இந்தச் சூழலில் கலைக்கு இடமே இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

3

ஜாக் கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். 1917இல் நியூயார்க்கின் கீழைப் பகுதியில், குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். தெருச் சண்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர். முறையான ஓவியப் பயிற்சி அநேகமாக இல்லை. இளைஞராக ஃப்ளெய்ஷர் கார்ட்டூன் ஸ்டூடியோவில் இடைப்பட்ட அசைவுகளை வரையும் வேலை பார்த்தார். ஒரு கால் எடுத்து வைப்பதைப் பல படங்களாகப் பிரிப்பது அந்த வேலை. காமிக்ஸ் இதற்கு நேர் மாறானது. ஒரு முழு அசைவில் ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். விடப்பட்டவற்றை வாசகனின் கண் இட்டு நிரப்ப வேண்டும். எதை விடலாம் என்பது, விடாமல் எல்லாவற்றையும் வரைந்து சலித்தவனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

1941 மார்ச் தேதியிட்ட ‘கேப்டன் அமெரிக்கா’ முதல் இதழை ஜோ சைமனோடு சேர்ந்து உருவாக்கினார். அட்டையில் கதாநாயகன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. ஒரு யூத இளைஞனின் கோபம் பிரசாரமாகவும் வியாபாரமாகவும் ஒருங்கே வெளிப்பட்ட படம் அது. உள்ளே கைகால்கள் கட்டத்தின் எல்லையை மீறி அடுத்த கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. பிறகு கிர்பி காலாட்படை வீரராக 1944இல் பிரான்சில் போரிட்டார். குளிரில் பாதங்கள் கெட்டுத் திரும்பினார். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சூப்பர் ஹீரோக்களுக்கு மவுசு குறைந்தது. 1954இல் காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்து, தொழிலே படுத்தது. அந்த வருஷங்களில் காதல் கதை, கௌபாய் கதை, பூதக் கதை என்று கேட்டதையெல்லாம் அவர் வரைந்தார்.

அவருடைய உச்சம் 1961 நவம்பர் தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழிலிருந்து தொடங்குகிறது. அப்போது வயது 44. அடுத்த பத்தாண்டுப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், உடற்கூறு என்ற முறையில் எல்லாமே தவறு. விரல்கள் சதுரம். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தசைகள் எந்த மருத்துவப் புத்தகத்திலும் கிடையாது. ஓவியக் கல்லூரி ஆசிரியர் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் திருத்தலாம். ஆனால் இந்தத் தவறுகளுக்குள் ஒரு இலக்கணம் இருக்கிறது. கிர்பிக்கு உடம்பு ஒரு பொருள் அல்ல, விசை. வாசகனை நோக்கி வரும் முஷ்டி தலையைவிடப் பெரிதாகிறது. பின்னால் போகும் கால் திடீரென்று சிறுத்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நாம் கண்ணால் கடக்கும்போது வேகம் என்ற அனுபவம் நிகழ்கிறது. அவருடைய மனிதர்கள் நேராக நிற்பது அபூர்வம். கால்களை அகல விரித்து, மூலைக்கு மூலை சாய்ந்து, தங்கள் நீட்சியின் கடைசி எல்லையில் இருக்கிறார்கள்.

இன்னொன்று அவருடைய பெயராலேயே ரசிகர்கள் வழங்கும் கறுப்புப் புள்ளிக் கூட்டம். விண்வெளி, வெடிப்பு, ஏதோ ஒரு சக்தி பீறிடும் இடம் எல்லாவற்றிலும் கரிய குமிழ்கள் நெருங்கியும் விலகியும் கிடக்கும். கவனித்தால் ஒன்று தெரியும். சக்தி எதுவோ அதை அவர் வரைவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் இருட்டைத்தான் புள்ளி புள்ளியாக வைக்கிறார். நடுவே தொடாமல் விடப்பட்ட வெறும் தாள் ஒளியாகிவிடுகிறது. மலிவான தாளின் வெறுமையையே ஒளியாக்கிய இந்த யுக்தியில் ஒரு ஓவியனின் முழுப் பிரக்ஞையும் இருக்கிறது.

1966இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 48 முதல் 50 வரையான இதழ்களில் கிரகங்களை விழுங்கும் கலாக்டஸ் பூமிக்கு வருகிறான். அப்போது மார்வல் கம்பெனியில் இருந்த முறையின்படி ஆசிரியர் ஸ்டான் லீ வாய்ப்பேச்சாகக் கதையின் போக்கைச் சொல்லுவார். ஓவியர் இருபது பக்கத்தை வரைந்து கொண்டுவருவார். அதற்குப் பிறகுதான் லீ வசனம் எழுதுவார். பக்கங்கள் வந்து சேர்ந்தபோது, பேச்சில் இல்லாத ஒரு ஆள் விண்வெளியில் அலைப்பலகை மேல் நின்று சறுக்கிக்கொண்டு வந்தான். வெள்ளி உடம்பு, முகத்தில் துக்கம். இதை லீயே பல முறை சொல்லியிருக்கிறார். கதாபாத்திரத்தை, சம்பவத்தை, காட்சிகளின் வரிசையை, எது சிறிய கட்டம் எது முழுப் பக்கம் என்ற தீர்மானத்தை எல்லாம் செய்தவனை ‘படம்: இன்னார்’ என்று போட்டுவிட்டு, பேச்சுக் கூண்டுகளை நிரப்பியவரை ‘கதை: இன்னார்’ என்று போட்டது அந்தத் தொழில். லீயின் வசனத்தில் ஹாஸ்யமும் ஓட்டமும் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்து என்பது வார்த்தை மட்டும்தான் என்ற நம் மூடநம்பிக்கையும் இந்த அநீதிக்குத் துணை நின்றிருக்கிறது.

4

ஸ்டீவ் டிட்கோ 1927இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை ஊரில் பிறந்தவர். கிர்பியையும் அவரையும் ஒப்பிட ஒரு நல்ல சந்தர்ப்பம் வரலாற்றிலேயே இருக்கிறது. ஸ்பைடர்மேன் முதலில் கிர்பியிடம்தான் போனான். அவர் வரைந்த சில பக்கங்களில் பையன் மிகவும் வீரனாகத் தெரிகிறான் என்று கருதி லீ அதை டிட்கோவிடம் கொடுத்தார். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15ஆம் இதழில் உள்ளே வரைந்தவர் டிட்கோ. அட்டையைப் பென்சிலில் வரைந்தவர் கிர்பி. அட்டையில் ஒரு வீரன் திருடனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வானத்தில் ஊசலாடுகிறான். உள்ளே திரும்பினால் மெலிந்த தோள்களும் கண்ணாடியும் கொண்ட ஒரு பள்ளி மாணவன் மற்றவர்களின் சிரிப்புக்கு நடுவே தனியாக நிற்கிறான். இரண்டும் ஒரே ஆள் என்பதை நம்பக் கொஞ்சம் முயற்சி வேண்டும்.

டிட்கோவின் உடம்பு விசை அல்ல, பயம். அவர் கைகளைப் பாருங்கள். விரல்கள் வளைந்து, முறுக்கிக்கொண்டு, எதையோ பிடிக்கவும் தள்ளவும் ஒரே நேரத்தில் முயல்கின்றன. முகத்தில் வியர்வை. முகத்தின் ஒரு பாதி பையனுடையதாகவும் மறுபாதி முகமூடியாகவும் இருக்கும் ஒரு குறியீட்டை அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். இரட்டை வாழ்க்கையின் அவஸ்தையைச் சொல்ல அதற்குப் பிறகு ஒரு வசனம்கூடத் தேவையில்லை. கிர்பி கட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வருவார் என்றால், டிட்கோ சிறிய கட்டங்களுக்குள் தன் மனிதனைப் போட்டுப் பூட்டுவார்.

1966 பிப்ரவரி தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 33ஆம் இதழின் முதல் ஐந்து பக்கங்கள் இந்தக் கலையின் சாதனைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். விஷயம் இவ்வளவுதான்: பிரம்மாண்டமான இயந்திரம் ஒன்றின் அடியில் அவன் சிக்கியிருக்கிறான், மேலேயிருந்து நீர் கசிகிறது, சாகக் கிடக்கும் அத்தையைக் காப்பாற்றும் மருந்து எதிரே, எட்டாத தூரத்தில் கிடக்கிறது. எதிரி யாரும் இல்லை. கனம் மட்டும்தான். ஆரம்பத்தில் கட்டங்கள் சிறியவை. இயந்திரம் பக்கத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு அவனை அழுத்துகிறது. அவன் முயல்கிறான், தளர்கிறான், மறுபடி முயல்கிறான். அவன் நிமிர நிமிரக் கட்டங்கள் அகலமும் உயரமும் பெறுகின்றன. கடைசியில் ஒரு முழுப் பக்கம். இயந்திரம் தூக்கி எறியப்படுகிறது. அந்த மனிதன் பெறும் விடுதலையை வாசகன் பக்கத்தின் அமைப்பாகவே அனுபவிக்கிறான். உருவம், உள்ளடக்கம் என்று நாம் மணிக்கணக்கில் பேசிய விவகாரம் இங்கே ஐந்து பக்கத்தில் சத்தமில்லாமல் தீர்ந்திருக்கிறது. 1965இலிருந்தே அந்தத் தொடரின் கதையமைப்பும் டிட்கோ என்று இதழில் அச்சாகியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவருடைய ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ 1963இல் தொடங்கியது. அதில் வேறு பரிமாணங்களைக் காட்ட வேண்டியிருந்தது. மேல் கீழ் இல்லாத வெளி. எங்கும் போய்ச் சேராத பாதைகள். வாய் திறந்த வாசல்கள். சர்ரியலிசத்தை மலிவுப் பதிப்பாக்கியிருக்கிறார் என்று ஒருவர் குறை சொல்லலாம். ஆனால் அந்த வெளியில் எல்லாமே தெளிவான, உறுதியான கோட்டில் இருக்கின்றன. மங்கல் எதுவும் இல்லை. போதை மருந்தின் தரிசனம் என்று எண்ணி அக்கால அமெரிக்க மாணவர்கள் இதைக் கொண்டாடினார்கள். வரைந்தவரோ அயன் ராண்டின் சித்தாந்தத்தில் பற்றுள்ள, கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே எதையும் அனுமதிக்காத மனிதர். படைப்பாளியின் கொள்கைக்கும் படைப்புக்கும் உள்ள உறவு பற்றி எளிய சூத்திரங்கள் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 1966இல் டிட்கோ மார்வலை விட்டு விலகினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், 2018இல் இறக்கும்வரை, பேட்டிகளை மறுத்தே வந்தார்.

5

பென்சில் கோடு அச்சுக்குப் போகாது. அதன் மேல் ஒருவர் மை ஏற்ற வேண்டும். இது வெறும் நகல் வேலை அல்ல, வாசிப்பு. ஒரு ராகத்தை இருவர் பாடுவது போல, ஒரே பென்சில் பக்கம் இரண்டு கைகளில் இரண்டு பக்கமாகிவிடும். 1965 முதல் கிர்பியின் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ பக்கங்களுக்கு மை ஏற்றிய ஜோ சின்னட் அவற்றுக்கு உலோகத்தின் பளபளப்பைத் தந்தார். 1970களில் மைக் ராயர் எதையும் கூட்டாமல் குறைக்காமல் இருந்ததை இருந்தபடி தந்தார். ‘தோர்’ பக்கங்களுக்கு மை ஏற்றிய வின்ஸ் கொலெட்டா மெல்லிய இறகுக் கோட்டால் புராணத் தன்மை ஒன்றைக் கொடுத்தார். ஆனால் நேரத்தை மிச்சப்படுத்தக் கூட்டத்தில் சில உருவங்களை ரப்பரால் அழித்தார். கட்டிடங்களின் விவரங்களை எடுத்துவிட்டார். சில மனிதர்களை வெறும் கறுப்பு நிழலாக நிரப்பினார். கெடு தவறாமல் வேலையை முடித்துக்கொடுப்பவர் என்று அவருக்குப் பெயர். இதில் தனி மனிதனின் சிரத்தையின்மை மட்டும் இல்லை. பக்கத்துக்குக் கூலி என்று வைத்தால், பக்கத்தில் பத்து மனிதர்கள் இருப்பதும் ஐந்து மனிதர்கள் இருப்பதும் ஒன்றே என்று ஆகிவிடுகிறது.

கிர்பியும் அதே கூலிக்குத்தான் வேலை செய்தார். சில வருஷங்களில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் வரைந்தார். அவருடைய சதுர விரல்களும், உலோகத்தின் மேல் நெளியும் கறுப்புக் கீற்றுகளும் வேகத்தின் தேவையிலிருந்து பிறந்த சுருக்கெழுத்து என்றே நினைக்கிறேன். அவசரம் ஒருவர் கையில் அழிப்பாகவும் இன்னொருவர் கையில் ஒரு மொழியாகவும் ஆகியிருக்கிறது. ஆகவே கூலி கலையைக் கொன்றது என்றும் சொல்ல முடியவில்லை. கூலிதான் இந்தக் கலையை உண்டாக்கியது என்று சந்தைக்காரர்கள் சொல்வதையும் ஏற்க முடியவில்லை.

6

வங்கியில் வேலை செய்பவனுக்கு ஒரு செக்கின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். 1938 மார்ச் 1 தேதியிட்ட 412 டாலர் செக் ஒன்று காமிக்ஸ் வரலாற்றில் பிரசித்தமானது. அதில் 130 டாலர் சூப்பர்மேனுக்கு; எல்லா உரிமையும் சேர்த்து, ஒரேயடியாக. மீதி மற்ற வேலைகளுக்கான கூலி. சீகல், ஷூஸ்டர் இருவர் பெயரும் அதில் தவறான எழுத்துக்களில் இருக்கின்றன. பின்பக்கம் இருவரும் எண்டார்ஸ் செய்திருக்கிறார்கள். 2012இல் இந்தச் செக் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. ஷூஸ்டரோ ஏறக்குறையப் பார்வை இழந்து வறுமையில் இருந்தார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சக ஓவியர்கள் குரல் கொடுத்த பிறகு, 1975இல்தான் வருஷத்துக்கு 20,000 டாலரும் பெயர் போடும் மரியாதையும் இருவருக்கும் கிடைத்தன.

மார்வலில் இது இன்னும் நேர்த்தியாக நடந்தது. கூலி செக்கின் பின்பக்கத்தில், இந்த வேலையின் உரிமை அனைத்தும் கம்பெனிக்கே என்ற வாசகம் இருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டால்தான் பணம். பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கான கையெழுத்தும் உரிமையை விட்டுக்கொடுப்பதற்கான கையெழுத்தும் ஒன்றாகிவிட்டன. வீட்டு வாடகைக்கு இந்தச் செக்கை நம்பியிருக்கும் ஒருவன் அந்த வாசகத்தை எதிர்த்து வாதாடுவான் என்று எதிர்பார்ப்பது சட்டத்துக்கு வேண்டுமானால் நியாயமாகத் தோன்றலாம்.

கிர்பி 1970இல் மார்வலை விட்டு டி.சி. கம்பெனிக்குப் போனார். அங்கே எழுத்தும் தனதாக ‘நியூ காட்ஸ்’ முதலிய தொடர்களை 1971இல் தொடங்கினார். மற்றவர்களின் சுய இச்சையையே அழிக்கும் சூத்திரம் ஒன்றைத் தேடும் டார்க்ஸைடு என்ற சர்வாதிகாரி அதில் வருகிறான். ஹிட்லரின் தாடையில் குத்திய கை முப்பது ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அந்தக் கல் முகம் காட்டும். தீமையை இப்போது குத்திச் சாய்க்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதே கம்பெனி அவர் வரைந்த சூப்பர்மேனின் முகத்தை மட்டும் வேறு ஓவியர்களைக் கொண்டு மாற்றி வரையவைத்தது; முகம் கம்பெனிச் சொத்து. ‘நியூ காட்ஸ்’ 1972இல், முடிவு பெறாமலே, நிறுத்தப்பட்டது.

1980களில் மார்வல் மற்ற ஓவியர்களுக்கு அசல் பக்கங்களைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியபோது, கிர்பிக்கு மட்டும் நான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டது. சக ஓவியர்களும் வாசகர்களும் கண்டித்தார்கள். 1987இல் சுமார் இரண்டாயிரம் பக்கங்கள் திரும்பி வந்தன. அவர் அங்கே வரைந்தவையோ பத்தாயிரத்தைத் தாண்டும். கிர்பி 1994இல் இறந்தார். அவருடைய குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் சமரசம் ஏற்பட்டது 2014இல்.

7

இதற்கிடையில் இந்தப் படங்களை உயர்ந்த கலையாக அங்கீகரித்துவிட்டதாக ஓவியக் கூடங்கள் எண்ணிக்கொண்டன. ராய் லிக்டன்ஸ்டைன் 1963இல் வரைந்த ‘வாம்!’ என்ற பெரிய ஓவியம், 1962இல் ஒரு போர்க் காமிக்ஸில் இர்வ் நோவிக் வரைந்த கட்டத்தை ஆதாரமாகக் கொண்டது. 1966இல் அதை லண்டன் டேட் காலரி வாங்கியது. லிக்டன்ஸ்டைன் திருடினார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய நோக்கம் வேறு. ஆனால் அவர் பெரிதாக்கியது அச்சகத்துக்காரனின் சிக்கனமான புள்ளிகளை. தேர்ந்தெடுத்தது ஒரே கட்டத்தை. காமிக்ஸின் உயிர் கட்டத்தில் இல்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விழும் இடைவெளியில் இருக்கிறது. டிட்கோவின் அந்த முழுப் பக்கத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினால் ஒருவன் எதையோ தூக்குகிறான் என்பதற்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. முந்தைய நான்கு பக்கங்களின் மூச்சுத் திணறல் அதில் வராது.

நம் கோயில் சிற்பிகளும்தான் பெரும்பாலும் பெயர் பொறிக்காமல் போனார்கள், பெயரில் என்ன இருக்கிறது என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். அந்தப் பெயரின்மை ஒரு மரபுக்குள் நிகழ்ந்தது. சிற்பியின் பெயர் இருந்த இடத்தில் இன்னொருவன் பெயர் வியாபாரச் சின்னமாக ஏறி உட்காரவில்லை. இந்த விஷயத்தில் நாமும் வெளியே நிற்கவில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் தமிழில் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தது. அந்த மாயாவியின் பெயரைச் சொன்னால் ஒரு தலைமுறைக்கே முகம் மலரும். மூலத்தை பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியர். அவ்வகைப் பத்திரிகைகள் ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் இல்லாதவை. வெளிச்சமும் இருளும் இவ்வளவு நுட்பமாக மோதும் அந்தத் தூரிகையை நாம் பல வருஷங்கள் பெயர் தெரியாமலே ரசித்தோம்.

சூப்பர் ஹீரோ என்ற கற்பனையின் அரசியலில் எனக்கு ஐயங்கள் உண்டு. பலமே நியாயம் என்ற எண்ணத்தின் சாயல் அதிலிருந்து முழுக்க நீங்குவதில்லை. ஆனால் அந்த விமர்சனத்தைச் செய்ய முன்வருகிறவன் முதலில் ஒரு பக்கத்தைத் திறந்து, பேச்சுக் கூண்டுகளை விரலால் மறைத்துக்கொண்டு, கோட்டை மட்டும் தொடர்ந்து பார்க்க வேண்டும். கண் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது, எங்கே தள்ளப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தக் கோட்டைப் போட்டவன் பெயர் என்ன என்று கேட்க வேண்டும். அதற்கப்புறம் கதையைப் பற்றிப் பேசலாம்.